கப்பலில் வந்த பேஸ்பால்

மெல்பேண் புறநகரான ட்ருகனினாவில் நான் வேலை செய்யும் கிடங்கில் நேற்று நனைந்த பேப்பர்க் கட்டொன்றின் மணம் மூக்கில் ஏறியதும், எழுபதுகளில் நாங்கள் மெல்பேணில் வாடகைக்கு இருந்த, இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட வீட்டின் குசினிக்கு நினைவில் போய்விட்டேன். அமெரிக்காவிலிருந்த சித்தப்பா அவருடைய ஊர்ப் பேப்பர்களைக் கட்டுக்கட்டாகக் கப்பலில் அனுப்புவார்; ஈரம் பிடித்து வந்துசேர இரண்டு மாதமாகும். அந்த ஊர் பேஸ்பால் அணிக்கு, ஒரு ஆட்டத்தையும் கண்ணால் காணாமலே, அப்பா அடிமை, நானும்தான். மொத்தக் கட்டும் கையிலிருந்தாலும் நாளுக்கொரு பேப்பர்தான் பிரிக்கலாம் என்பது அவருடைய சட்டம். அவர் அகப்பையை மட்டையாக வீசி வீசி வாசிக்க, எப்போதோ முடிந்துபோன ஆட்டத்துக்காக நான் சாமிப்படத்தைக் கும்பிட, அம்மா "ரெண்டுக்கும் விசர்" என்றபடி புட்டு அவிப்பார்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு கட்டு வந்தது. சட்டத்தை மீறிக் கடைசிப் பேப்பரைப் பிரித்தேன். எங்கள் அணி முதல் முறையாகக் கிண்ணத்தை வென்றிருந்தது. கட்டிலடிக்கு ஓடினேன்.

"அப்பா, முடிவு தெரியும். சொல்லட்டே?"

"வாயை மூடு பிள்ளை. இன்னும் ஆறு பேப்பர் கிடக்கு. கள்ள ஆட்டம் ஆடாதை."

நாளுக்கொன்றாக வாசித்துக் காட்டினேன். நான்காவது பேப்பரில் அணி படுதோல்வி.

"பறவாயில்லை, நாளைக்குப் பாப்பம்" என்றார்.

நாளைக்கு அவர் இருக்கவில்லை. வாழ்நாளில் அப்பாவின் சொல்லை நான் அப்படியே கேட்டு வாயை மூடியிருந்தது அந்த நான்கு நாட்கள்தான்.