துரையின் வெள்ளிக்குத் தோண்டிய குழி

மார்கழி வந்தால் ஏழு மணிக்கே மலையில் நடமாட்டம் அடங்கிவிடும். என் விடுதிக்கு வருகிறவர்களுக்கு முற்றத்தில் தீ மூட்டிக் கொடுப்பேன். தீயைவிட அவர்களை அங்கே உட்கார வைப்பது என் கதைகள்தான். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். குப்பனூரிலிருந்து ஒரு கம்பளியோடு மலையேறி, காப்பிச் செடிக்குக் குழி வெட்டி, பிறகு அதே எஸ்டேட்டில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கியவன். பேச்சில் எனக்குக் கிட்டத்தட்ட ஈடு கொடுப்பவன் ஒருவன்தான். தலைச்சோலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் நண்பன், தலைமுறை தலைமுறையாக இந்த மலைக்காரன்.

போன குளிரில் ஒருநாள் துரை கதையைச் சொன்னேன். ஊருக்குக் கப்பலேறும் முன் ஒரு வெள்ளைக்காரத் துரை வெள்ளிச் சாமான்களைப் பெட்டியில் போட்டுக் குதிரை லாயத்துக்குப் பின்னால் புதைத்தார் என்று. அந்த இடிந்த லாயம் இப்போது என் நிலத்தில் இருக்கிறது.

"ஏனுங்கண்ணா, வருசா வருசம் பொட்டி பெருசாயிட்டே போகுது. போன வருசம் தட்டும் கரண்டியும்தான் இருந்துச்சுங்க. இப்பக் குத்துவிளக்கு வேறயா? துரைக்கு எதுக்குங்க குத்துவிளக்கு?" என்றான் நண்பன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"காலையில தோண்டிப் பாத்துடலாம், வா" என்றேன். சொன்னால் செய்கிறவன் நான்.

தோண்டினோம். ஒரு லாடம், உடைந்த சோடா பாட்டில், அப்புறம் இடுப்பளவு ஆழத்தில் ஒரு கறுப்புக் கல். ஒரு முனை கூம்பி, மறுமுனை கத்திபோல் தேய்க்கப்பட்டிருந்தது. எங்கே பிடிக்க வேண்டுமென்று அதுவே என் விரலுக்குச் சொன்னது. இரும்பு வருவதற்கு முன் மனிதர்கள் தேய்த்துச் செய்த கோடாலிகள் இந்த மலையில் கிடைக்கும் என்று விடுதியில் தங்கிய ஒரு வாத்தியார் சொல்லியிருக்கிறார். யார் தேய்த்தது? எதை வெட்டினான்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நண்பன் செருப்பைக் கழற்றிவிட்டான். "இது சாமிங்கண்ணா. எவன் கைக்குக் கெடச்சாலும் புள்ளையார் கோயில்ல வெச்சுருவோம். ஊட்டுல வெக்கக் கூடாதுங்க."

"எங்காடு, எங்குழி. கண்ணாடிப் பொட்டி செஞ்சு விடுதி முன்னால வெக்கப் போறேன்."

"அப்ப நான் உங்க ஊட்டுப் படி ஏற மாட்டேனுங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்லையும் விட மனமில்லை, அவனையும் விட மனமில்லை. கடைசியில் நானே வழி சொன்னேன். "ஒரு பூசை போட்டு எடுத்துக்கறேன். சரியா?"

"சாமி குடுத்தா எடுத்துக்குங்க" என்றான்.

தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். பிள்ளையாரைச் சுற்றி அதே மாதிரிக் கற்கள் குவிந்திருந்தன. என் கல்லை உச்சியில் வைத்தேன். பூசாரி குவியலை மொத்தமாகக் கலைத்தார், கழுவினார், எண்ணெய் பூசினார், திரும்ப அடுக்கினார். அங்கே பூசையென்றால் அதுதானாம். தீபாராதனை முடிந்தபோது எல்லாமே ஒரே கறுப்பில் மின்னின.

"எடுத்துக்குங்கண்ணா" என்றான் நண்பன். "எதுங்க உங்களுது?"

காப்பிக்கொட்டையைக் கடித்தே ஈரம் சொல்லுகிறவன் நான். ஒன்றை எடுத்தேன், வெட்டும் வாய் அகலம். இன்னொன்று மூளி. அடுத்ததில் கட்டைவிரல் உட்காரவில்லை.

"ஏனுங்க, கத்திரிக்கா பொறுக்கறாப்பல பொறுக்கறீங்க" என்றார் பூசாரி.

பொறுக்கத்தான் செய்தேன். ஆனால் சீக்கிரமே என் கல்லைத் தேடுவதை விட்டுவிட்டேன். ஒன்று குழந்தைக் கைக்குத்தான் அடங்கும். இன்னொன்றை இடதுகையில் பிடித்தால்தான் சரியாக வந்தது. அதன் வாய் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். மஞ்சக்குட்டைப் பக்கம் ஏர் ஓட்டும்போது வந்ததாகப் பூசாரி சொன்னார்.

வெறுங்கையோடு திரும்பினேன். "தெரிஞ்சேதான கூட்டிட்டு வந்த?" என்றேன். நண்பன் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

சாயங்காலம் படியேறி வந்து தீயருகில் உட்கார்ந்தான். "அந்த எடதுகைக்காரன் எதை வெட்டி அத்தனை தேச்சிருப்பானுங்க?" என்று கேட்டான்.

தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.