பீரோவுக்குள் பெப்டைடு

கனடாவின் எட்மன்டனில் முகம் கழுவினால் துடைக்கக் கூடாது. ஈரத்தோடு, நீரைப் பிடித்துவைக்கும் ஹயலூரோனிக் அமிலத்தைத் தடவி, மேலே செராமைடு கிரீமைப் பூசி மூட வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊர்க் குளிர்காற்று தோலுக்குள் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். முதல் குளிர்காலத்தில் கன்னம் வெடித்து ரத்தம் கசிந்த பிறகு கற்றுக்கொண்டேன். அழகுக்காக அல்ல. இங்கே தோல் ஒரு மதில், பூசாவிட்டால் இடியும்.

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் தம்பிக்கு அந்த மதிலும் இல்லை. வெயில் அவன் முகத்தை உழுது போட்டிருந்தது. நாற்பது தாண்டியும் பெண் அமையவில்லை. "வயசாத் தெரியுதுன்னு போயர்றாங்கக்கா. மூஞ்சிக்கு எதாச்சும் அனுப்பு" என்றான் போனில். எட்மன்டன் கடைக்காரப் பெண் பெப்டைடு சீரம் கொடுத்தாள். சுருக்கம் குறைய மாதக்கணக்கில் தினமும் போட வேண்டுமாம். "அவரை நேசிப்பவளுக்குச் சுருக்கமா பெரிது?" என்று ஆறுதலும் சொன்னாள். எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணின் அத்தையும் மாமனும் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அந்தப் பெண்ணே அவனைப் பார்ப்பாள் என்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்ல? தெரிந்தவர் பெட்டியில் கொடுத்தனுப்பினேன்.

அவிநாசியிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊருக்குப் போனேன். பீரோவில் பட்டு வேட்டிக்கும் நாப்தலீன் உருண்டைக்கும் நடுவில் சீரம், மூடிகூடத் திறக்காமல்.

"ஏண்டா, போடவே இல்லையா?"

"வெளிநாட்டுச் சாமானாச்சேக்கா. நல்ல நாளுக்கு ஆகட்டும்னு வெச்சுப்போட்டேன்."

நல்ல டம்ளர், நல்ல துண்டு, நல்ல சட்டை எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு மிச்சத்தில் ஆயுளைக் கழிக்கிற ஊர். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பெண் வீட்டார் வரும் அன்று காலை அரைக் குப்பியைக் கவிழ்த்துக்கொண்டான். சட்டியிலிருந்து எடுத்த போண்டாபோல் மின்னினான்.

பெண்ணின் அத்தைக்காரி காபியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "ஏனுங்க அம்மணி, மாப்பிள்ளைக்குத் தங்கச்சிங்களா?"

"அக்காளுங்க."

டம்ளர் பாதியில் நின்றது. அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கலந்து பேசிப்போட்டுச் சொல்றோமுங்க." எங்கள் பக்கத்தில் கத்திக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் குத்துவார்கள். கார் திரும்பும்போதே தெரிந்துவிட்டது, போன் வராது. வரவுமில்லை.

"உன்ற மூஞ்சிய அங்கயே வெச்சுப்போட்டு வந்திருக்கலாமுல்லக்கா" என்றான். சிரித்தான், சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

வாஷ்பேசினில் முகம் கழுவினேன். துண்டை நீட்டினான். பழக்கம், கை போகவில்லை. தண்ணீர் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. கிரீம் ஒருநாளும் எட்டாத கழுத்து. மடிப்பும் கருப்புமாக, கண்ணாடியில் பின்னால் நின்ற தம்பியின் கழுத்தேதான். அதன்மேல் யாரோ ஒரு வெளியூர்க்காரியின் முகம் ஈரத்தோடு நின்றது.