பிஜிலி ஆடிய ஊர்வலம்

பூந்தமல்லி உஸ்மான் கனியின் குதிரை என்று சொன்னால் கல்யாண மண்டபக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேச்சையே தொடங்குவார்கள். அப்படிப் பெயர் எடுத்திருந்தாள் பிஜிலி. வெள்ளைவெளேர் என்று இருப்பாள். கோபம் மட்டும் மூக்கு நுனியில். ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் போதும், துள்ளுவாள். பைக் ஓட்டுகிறவன் ஹாரன் அடித்தால் நாலடி பின்வாங்குவாள். ஆனால் மேளச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் முன்னங்காலால் தரையை டக் டக்கென்று தட்டுவாள் பாருங்கள், அடடா! உஸ்மான் பழக்கியது அது. முதுகில் மாப்பிள்ளை, முன்னால் பேண்டு, அடிக்குத் தகுந்தபடி தட்டும் கால். ஊர்வலமே விசிலடிக்கும்.

பருத்திப்பட்டு ரிசப்ஷன் ஒன்றில்தான் வினை வந்தது. காலடியில் சரவெடி வெடிக்க, பிஜிலி எகிற, தலைப்பாகை ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். நல்லவேளை, அடி ஏதும் இல்லை. ஆனால் இரண்டு வீட்டார் வாயிலும் விழுந்து எழுந்தார் உஸ்மான். "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா உன் குதிரைய எவனும் கூப்ட மாட்டான் பாய்" என்று மண்டபத்து மேனேஜர் ரவிச்சந்திரன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பவுடர் வீட்டுக்குள் வந்தது. படபடக்கிற குதிரையைச் சாந்தப்படுத்துமாம். மக்னீசியமும் ஏதேதோ மூலிகையும் கலந்ததாம். கால்நடை டாக்டர் அமல்ராஜ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடுங்க பாய், தப்பில்ல. ஆனா இது மருந்து கிடையாது. குதிரை நிலைகொள்ளாம இருந்தா ஏன்னு மொதல்ல பாருங்க. பவுடர் அப்புறம்." உஸ்மான் தலையைத் தலையை ஆட்டினார். காதில் ஏறியது முதல் பாதி மட்டும்தான்.

ஊறவைத்த கொள்ளில் தினமும் ஒரு கரண்டி. கூடவே பைபாஸ் ஓரமாக லாரிச் சத்தத்தில் நடத்திப் பழக்கவும் செய்தார். சில வாரத்தில் பிஜிலி ஹாரனுக்குக் காதை மட்டும் அசைத்துவிட்டு நின்றாள். பவுடர் செய்த வேலையோ, அந்த நடை செய்த வேலையோ, யார் கண்டது? பெருமை முழுக்க டப்பாவுக்குப் போயிற்று. அன்றிலிருந்து அவள் கனைத்தாலும் பவுடர், காலை உதறினாலும் பவுடர். "எனுக்கும் ஒரு கரண்டி குடுங்க. உங்களோட குடும்பம் நடத்த எனுக்குந்தான் வேண்டிகீது" என்று அவர் மனைவி ஃபக்ருன்னிசா கேலி செய்வாள். உஸ்மானுக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பாழாய்ப்போன வெள்ளிக்கிழமை வானகரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம். அதே ரவிச்சந்திரன்தான் இப்போது அங்கே மேனேஜர், மனம் இறங்கிக் கூப்பிட்டிருந்தார். ஜும்மா தொழுதுவிட்டு உஸ்மான் வீடு திரும்பியபோது பிஜிலி முன்னங்காலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவில் பேண்டு செட்டுப் பையன்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டுச்சா, மேளம் கேட்டவொடனே கெளம்பிட்டா" என்று சிரித்தார்.

ஃபக்ருன்னிசா சிரிக்கவில்லை. "மேளம் இப்பதாங்க ஆரம்பிச்சானுங்க. இவ அதுக்கு முன்னயே கீறிகினு கீறா. கொள்ளு அப்டியே கீது. காலைலேர்ந்து லத்தி போடல. வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்கறா. டாக்டருக்கு ஒரு போன் போடுங்க."

"டாக்டர் வந்தா இன்னிக்கு வேணாம்னுவாரு. இன்னிக்கும் போவலேன்னா ரவிச்சந்திரன் ஜென்மத்துக்கும் கூப்ட மாட்டான். படபடப்பு, அவ்ளோதான். நீ உள்ள போ."

தின்ன மறுத்தவளுக்குப் பவுடரை வெல்லத் தண்ணீரில் கரைத்து, இரண்டு மடங்காக, பாட்டிலில் ஊற்றி வாயில் புகட்டினார். கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டேதான் புகட்டினார். பாசத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை, புத்திதான் பவுடருக்குள் புதைந்து கிடந்தது!

வானகரத்தில் வண்டியிலிருந்து இறங்கியவள் தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். ஜரிகைத் துணி போர்த்தியபோதும் அசையவில்லை. "பரவால்லையே பாய், மாடு மாதிரி சாதுவா ஆயிடுச்சு" என்றார் ரவிச்சந்திரன். உஸ்மானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஊர்வலம் பாதி தூரம் போனதும் பிஜிலி நின்றாள். காலைத் தூக்கித் தரையைக் கீறினாள். மறுபடியும், மறுபடியும். "குதிரை ஆடுது மாமே!" என்று கூட்டம் கத்தியது. செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன. கால் மேளத்தோடு சேரவில்லை. பழக்கிய மனிதருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. பேண்டுக்காரர்களைப் பார்த்துக் கையை வீசினார். இன்னும் வேகமாக அடிக்கச் சொன்னார்.

மாப்பிள்ளை இறங்கி மண்டபத்துக்குள் போனதும் வண்டி நிறுத்துமிடத்தில் அவள் படுத்துவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வை. உருண்டாள், எழப் பார்த்தாள், மறுபடி விழுந்தாள். போன் போன கையோடு அமல்ராஜ் வந்தார், ஃபக்ருன்னிசாவும் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள்.

வயிற்றில் காது வைத்துக் கேட்ட டாக்டர் நிமிர்ந்தார். "குடல் முறுக்கிகிச்சு பாய். எப்பலேர்ந்து கால கீறுது?"

"இப்பத்தான் டாக்டர்" என்றார் உஸ்மான்.

ஃபக்ருன்னிசா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "காலைலேர்ந்து டாக்டர்" என்றாள்.

ஊசி போட்டார், குழாய் விட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. "பவுடர் கொல்லல பாய். நேரம் போயிடுச்சு. மத்தியானமே கூப்ட்டிருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்." ஃபக்ருன்னிசாவின் மடியில் தலையை வைத்தபடி பிஜிலி மூச்சடங்கி மவுத்தானாள். உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனதும் திட்டு விழும் என்று காத்திருந்தார் உஸ்மான். விழுந்திருந்தால் பாரம் இறங்கியிருக்கும். நான் அப்பவே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். இப்போது குன்றத்தூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கல்யாண வீட்டுப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை.

போன வாரம் யாரோ அந்த ஊர்வல வீடியோவை அனுப்பியிருந்தார்கள். குதிரையின் ஆட்டம் சூப்பர் என்று கீழே ஏகப்பட்ட பாராட்டு. உஸ்மான் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்து நின்ற ஃபக்ருன்னிசா குனிந்து, முடியும்வரை பார்த்தாள்.

"வலி தாங்காம கீறிகினு கீறா" என்றாள். "பக்கத்துல நீங்க சிரிச்சுகினு கீறீங்க."