மழையில் கறுப்புத் தடம்

எனக்கு வயது முப்பத்தொன்பது. பதினாறு வருடமாகக் கார் பந்தயம் ஓட்டுகிறேன். பந்தயம் என்றதும் ஊரில் எல்லோரும் டிவியில் வருகிற, சக்கரம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றை ஆள் வண்டியை நினைக்கிறார்கள். நான் ஓட்டுவது அதுவல்ல. தக்கலை பஸ் நிலையத்துக்கு வெளியே டாக்ஸியாக நிற்கிற அதே கார்தான். பின்சீட்டைப் பிடுங்கி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, எஞ்சினைக் கொஞ்சம் உசுப்பேற்றினால் அது பந்தயக் கார். "டாக்ஸி ஓட்டுறதுக்கு எதுக்கு மக்கா ஹெல்மெட்?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது.

போன வருடம் வரை கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் டீமில் ஓட்டினேன். அவரிடம் இரண்டு கார்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் அந்த ஊர்ப் பெண், வயது இருபத்துமூன்று. வருடக் கடைசியில் முதலாளி எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அடுத்த வருடம் ஒரு கார்தான். கடைசிப் பந்தயத்தில் யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்கு அந்த சீட். வண்டி கோளாறாகி யாராவது நின்றுபோனால் மட்டும் இன்னொரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். சுற்றி வளைக்காமல் பேசினார், அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இந்த வயதில் வேறு டீம் எதுவும் தானாக என்னைக் கூப்பிடாது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பந்தய நாள் காலையில் வானம் மூடிக்கிடந்தது. என் மெக்கானிக் எங்கள் ஊர்ப்பக்கம், குலசேகரத்துக்காரன். ஒன்பது வருடமாக என் காரைத் தொடுகிற ஒரே ஆள் அவன்தான். மேகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"எண்ணே, மழை வரும். இன்னைக்கு நமக்க நாளாக்கும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் தக்கலைப் பக்கம் இரண்டு பருவக்காற்றிலும் மழை உண்டு. அந்த மழையில், மலையடி ரோட்டில் ஓட்டித்தான் என் கை பழகியது. அங்கே ஒரே ஒரு விதி. பஸ் ஓடி ஓடிக் கறுத்த சக்கரத் தடத்தை விட்டு இறங்கக் கூடாது. பிடிமானம் அதில்தான் இருக்கும். ஓரமெல்லாம் பாசியும் அழுகிய ரப்பர் இலையும். ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, எல்லோரும் அப்படித்தான் ஓட்டுவார்கள். மழை ஓட்டத்தில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குள் நல்ல திமிரும் இருந்தது.

ஆறாவது சுற்றில் மழை பிடித்துக்கொண்டது. பந்தய ஓடுதளத்தில் மழைக்குள் ஓட்டுவது எனக்கு அதுதான் முதல் தடவை. அப்போது நான் அவளுக்கு இரண்டு கார் முன்னால் இருந்தேன். பந்தய ஓடுதளத்திலும் எல்லா வண்டியும் போய்ப் போய் விழுந்த கறுப்புத் தடம் ஒன்று உண்டு. நீண்ட நேர்ப்பாதை முடிந்து வலது பக்கம் திரும்பும் வளைவில் அந்தத் தடத்தை விடாமல் பிடித்தேன். கண்ணாடியில் பார்த்தால் அவள் தடத்தை விட்டு வெளியே, யாரும் போகாத ஓரத்துக்குப் போகிறாள். ஹெல்மெட்டுக்குள் சிரித்தேன். "ஏட்டி, அங்க எதுக்குப் போறே? புல்லுல போய் விழவா?" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் கையில் ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் காற்றாகிவிட்டது. கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஓரத்து ஜல்லிக்குள் போய்ப் புதைந்தது. அவள் என்னைக் கடந்து போனாள்.

வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டுவந்து போட்டார்கள். முதலாளி வருவதற்கு முன்பே மெக்கானிக் ஜன்னலுக்குள் தலையை விட்டான்.

"எண்ணே, பிரேக் பிடிக்கல்லன்னு சொல்லிருங்க. நட்டு முறுக்காம விட்டது நான்தான்னு ஏத்துக்கிடுதேன். மிஞ்சிப் போனா என்னைக் கொறச்சு நேரம் ஏசுவாரு. ஒங்களுக்கு சீட்டாவது நிக்கும்லா."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. அந்த நிமிடம் எனக்குள் எந்த மகானும் எழுந்து நிற்கவில்லை. இன்னொரு நாள், காய்ந்த ரோடு, சீட் எனக்குத்தான். ஆனால் ஒன்பது வருடத்தில் ஒரு நட்டைக்கூடத் தளர விடாதவன், தன் வாயாலேயே தன்னைக் கெட்ட வேலைக்காரன் என்று சொல்லத் தயாராக நின்றதைப் பார்த்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய எரிச்சல், நான் ஏன் சறுக்கினேன் என்று எனக்கே புரியவில்லை.

"வாயைப் பொத்துலே," என்றேன் அவனிடம்.

முதலாளி வந்தார். "என்னாச்சுங்க? பிரேக்குங்களா?"

"பிரேக் நல்லாத்தான் இருந்துது. தப்பு என் மேலதான்."

அவர் "சரிங்க" என்றார். சீட் போன கதை அவ்வளவுதான்.

பிரேக் என்று சொல்லியிருந்தால் ஏன் சறுக்கினேன் என்று யாரிடமும் கேட்டிருக்க முடியாது. நேராக அந்தப் பெண்ணிடம் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன். அந்த வளைவில் ஏன் வெளியே போனாய் என்று கேட்டேன். அவள் ஆச்சரியப்பட்டாள்.

"நீங்க எதுக்குங்கண்ணா அந்தக் கருப்பு லைன்லயே போனீங்க? வாங்க, காட்டறேன்."

பந்தயங்கள் முடிந்து தளம் காலியாகக் கிடந்தது. தூறலில் இருவரும் நடந்தோம். வளைவில் அவள் ஷூவைத் தடத்தின் மேல் வைத்துத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போனது. ஓரடி தள்ளி வைத்துத் தள்ளினாள். நகரவில்லை. "எல்லா வண்டி டயரும் தேய்ஞ்சு ஒட்டின ரப்பருங்கண்ணா. காஞ்சா பசை, நனைஞ்சா சோப்பு."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற கொட்டகைத் தரையில் ரப்பர் பால் சிந்தி, அதில் தண்ணீர் விழுந்தால் எல்லோரும் கால்விரலை ஊன்றித்தான் நடப்போம். ரப்பர் விற்றுச் சோறு தின்ற குடும்பம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவளை நான் விடவில்லை. தளத்தைச் சுற்றி ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, மழையில் எங்கே பிரேக், எங்கே திருப்பு என்று கேட்டேன். பதினாறு வருட அனுபவத்தை அன்று ஒரு மூலையில் கழற்றி வைத்தேன்.

ஊருக்கு வந்ததும் எல்லா டீமுக்கும் நானே போன் செய்தேன். வயதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டவர்கள் அதிகம். கடைசியில் ஒருவர், யாருமே எடுக்காமல் கிடந்த பழைய கார் ஒன்றைத் தர ஒத்துக்கொண்டார். மெக்கானிக் கோயம்புத்தூர் டீமின் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தான். வராதே என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

இந்த வருட முதல் பந்தயத்தில் எங்கள் கார் கடைசிக்கு முந்தின வரிசையில் நின்றது. அவள் முதல் வரிசையில். வானம் வெளுத்துக்கிடந்தது. மெக்கானிக் என் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே முன்னால் எட்டிப் பார்த்தான்.

"அன்னைக்கு பிரேக்குன்னு சொல்லியிருந்தா, இப்ப நீங்க அங்க முன்னால நிப்பிய, கேட்டியளா?"

"நிப்பேன்," என்றேன். "மழை வாற வரைக்கும்."