ஒரு நாளைக்கு ஆறு ரூபாய் சராசரி

எழுபதுகளின் கடைசியில், நான் வேலை பார்த்த நூற்பாலையைக் கதவடைப்பு என்று பூட்டினார்கள். அங்கே தரப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஒவ்வொரு ஷிப்டிலும் நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றி எடுத்து எடை போடுவேன். பல துண்டுகளின் எடைக்குச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியை விட்டு அவை எவ்வளவு விலகிப் போகின்றன என்று கணக்கிடுவேன். புத்தகத்தில் அதற்குத் திட்ட விலக்கம் என்று பெயர், நாங்கள் எஸ்.டி. என்போம். எட்டு வருடம் இதுதான் பிழைப்பு.

பூட்டிய ஆலை திறக்கிற மாதிரி இல்லை. வில்லாபுரத்து வாடகை வீட்டில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஊருக்குள் இருந்த ஒரு மனமகிழ் மன்றத்துக்குப் போக ஆரம்பித்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் இருந்தது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் ரம்மி. பழக்க தோஷம், ஒவ்வொரு நாளும் வந்ததையும் போனதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

அறுபது நாள் ஆனதும் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்குச் சராசரி ஆறு ரூபாய் லாபம். எஸ்.டி. நாற்பத்தைந்து. அதாவது ஆறு ரூபாய்க்காக, ஒரு நாள் ஐம்பது வரும், ஒரு நாள் நாற்பது போகும். கல்லூரியில் படித்த சூத்திரம் ஒன்று நினைவில் இருந்தது. எஸ்.டி.யின் வர்க்கத்தைச் சராசரியின் இரண்டு மடங்கால் வகுத்து, மூன்றால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை கையில் இருந்தால், அத்தனையும் கரைந்து நடுத்தெருவில் நிற்க இருபதில் ஒரு வாய்ப்புத்தான். ஐந்நூற்றுச் சொச்சம் வந்தது.

அதே நோட்டில் இன்னொரு கணக்கும் போட்டேன். அறுபது நாள் போதுமா என்ற கணக்கு. போதாது என்று வந்தது. இன்னொரு அறுபது நாள் ஆடினால் சராசரி பன்னிரண்டாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அந்த வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

மனைவி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஐந்நூறு ரூபாய்க் கணக்கை மட்டும் அவளிடம் சொன்னேன். அவள் சேர்த்து வைத்திருந்ததும் என் கையில் இருந்ததும் சேர்ந்தால் ஐந்நூறு தேறும்.

"வேலைக்குப் போற மாதிரி போவீகளா?" என்றாள்.

"ஆமா. மாசம் நூத்தம்பது வரும்."

அவள் எழுந்து போனாள். பணத்தை எடுத்து வந்து வைத்தாள்.

வேலைக்குப் போகிற மாதிரியேதான் போனேன். விளையாட்டில் ஒரு சந்தோஷமும் இல்லை. சீட்டு மோசமாக வந்தால் தொடக்கத்திலேயே கவிழ்த்துவிட்டு விலகுவேன். மற்றவர்கள் கீழே போடும் சீட்டுகளை ஞாபகம் வைத்துக்கொள்வேன். ஆறு மணிக்கு எழும்போது கண் எரியும், இடுப்பு வலிக்கும்.

மேஜையில் ஆரம்பத்திலிருந்தே அநேக நாள் எழுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் துண்டு, மடியில் வெற்றிலைப் பொட்டலம். எப்பேர்ப்பட்ட மோசமான சீட்டு வந்தாலும் விலக மாட்டார், கடைசிவரை பிடித்துக்கொண்டே இருப்பார். தோற்றால் பேசாமல் கொடுத்துவிடுவார். அவரைப் பற்றி நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் சுமாராகப் போயிற்று. பிறகு அவர் வரவில்லை. எனக்கு இறங்குமுகம் ஆரம்பித்தது. இருபது நாளில் இருநூற்று முப்பது ரூபாய் போனது. ஒவ்வொரு நாளும் நோட்டைப் பார்த்து, இந்த எஸ்.டி.க்கு இவ்வளவு இறங்குவது சகஜம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்கும் அப்படித்தான் சொன்னது. மனைவி, "இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று மட்டும் ஒருநாள் கேட்டாள். இருநூற்று எழுபது என்றேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அந்த வாரத்தில் எழுமலைக்காரர் வந்தார். தலை மழித்திருந்தது. படியேறியவர் உட்காரவில்லை.

"என்னண்ணே, ஆளையே காணோம்?" என்றேன்.

"வீட்டுல தவறிட்டா தம்பி. பதினாறு முடிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரில ஒரு சர்ட்டிபிகேட் வாங்க வந்தேன்."

அவருடைய மனைவி மூன்று மாதமாக அந்த ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை.

"மத்தியானம் உள்ள விட மாட்டாக. வெளிய மரத்தடியில உக்காந்தா என்னென்னமோ நெனப்பு ஓடும். இங்க வந்தா நாலு மணி நேரம் ஓடிரும். கையில என்ன சீட்டு இருந்துச்சுன்னு பாத்ததுகூட இல்ல தம்பி" என்றார். பிறகு, "வாரேன்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

நான் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தேன். ஆலையில் நூலில் கோளாறு என்றால் எந்த மெஷினில் ஓடியது என்று பிரித்துப் பார்ப்போம். அதுபோல அந்த முதல் அறுபது நாளையும் பிரித்தேன். யார் யார் இருந்தார்கள் என்பதையும் குறித்திருந்தேன். அவர் இருந்த நாற்பத்து நாலு நாளில் சராசரி ஒன்பதரை ரூபாய் லாபம். அவர் இல்லாத பதினாறு நாளில் மூன்றரை ரூபாய் நஷ்டம்.

என் திறமை என்று நான் நினைத்தது அந்த மனிதர் சீட்டைப் பார்க்காததுதான்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவரு காசத் திருப்பிக் குடுக்கணும்ங்கிறீகளா?"

"சாப்ட்டுட்டமே."

தைத்த துணியை மடித்து வைத்தாள். "நாளைக்குப் போவீகளா?"

"இல்ல."

மறுவாரம் பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கி ஒன்றில் எடை போடும் வேலை கிடைத்தது. நாளுக்கு ஐந்து ரூபாய், மழை பெய்தால் கிடையாது. தை மாதம் ஆலை திறந்தது. அந்த இருநூற்று எழுபதும் அதற்குள் அரிசிக்கும் வாடகைக்கும் போய்விட்டது. எழுமலைக்கு ஒருதரம் போய் வரலாம் என்று இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடப் போனேன். போய் அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.