பத்துக்கு எத்தனை வலி?

நோயாளி உத்தியோகத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது என்பது, சக நோயாளிகளான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தாவது படிக்கும்போது எனக்கு இடது கன்னத்தில் அக்கி வந்தது. அந்த வைரஸ் மூளை வரை சுற்றுலா போய், என்னை ஒரு வாரம் பிதற்ற வைத்துவிட்டு, ஒருவழியாகக் கிளம்பியது. கிளம்பும் அவசரத்தில் வலியை மட்டும் கன்னத்திலேயே மறந்துவிட்டது. இரண்டு வருஷமாகத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளவில்லை.

சிங்கம்

அப்பா ஆவடியில் ராணுவ ஃபேக்டரிக்காரர். அரை மில்லிமீட்டர் பிசகினால் அவருக்குச் சோறு இறங்காது. அவர்தான் என்னைச் சேக்காட்டுக்குக் கூட்டிப்போய், கன்னத்தில் காவியால் அக்கி எழுத வைத்தார். சிங்கம் வரைந்தால் அக்கி பயந்து ஓடுமாம். மறுநாள் காய்ச்சலில் உளற ஆரம்பித்ததும், சிங்கத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். டியூட்டி டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்தார், சிங்கத்தைப் பார்த்தார், கடைசியாக அப்பாவைப் பார்த்தார்.

"உள்ள போன வைரஸ் இதப் பாக்கவே இல்ல போல சார்."

மார்க்

இப்போது பூந்தமல்லி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், மூளை நரம்பு ஆராய்ச்சியில் நான் பதினேழாம் நம்பர். வைரஸ் கெடுத்த நரம்பின் பக்கத்தில், தோலுக்கடியில் கம்பி வைத்து, லேசாகக் கரண்ட் விட்டு வலியை அமுக்கப் பார்க்கிறார்கள். அதற்கு முன் நாலு வாரம் வலிக்கு மார்க். பத்துக்குச் சராசரி ஏழு வந்தால்தான் ஆபரேஷன். வராவிட்டால் நானும் வலியும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பப்ளிக் பரீட்சையில்கூட முப்பத்தைந்துதானே கேட்கிறார்கள்? முதல் வாரம் எட்டு என்றேன். ஆராய்ச்சி டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எட்டுன்னா அழணும் தம்பி. நீ சிரிக்கிற."

இன்னொரு டாக்டர்

வெளியே பெஞ்சில் எத்தனை நேரம்தான் சும்மா உட்காருவது? டாக்டரின் மூக்குக் குரலில், "பத்துக்கு எத்தனை? யோசிச்சு சொல்லணும்" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். கண்ணை மூடியிருந்த பட்டாபிராம் முதுகுவலிக்காரர் பதறி எழுந்து, ஆறரை என்றார். பெஞ்சே சிரித்தது. அடுத்தவர் வாயால் பேசும்போது கன்னமும், அதிலுள்ள வலியும்கூட, கொஞ்ச நேரம் அடுத்தவருடையதாகிவிடுகிறது. இதை எழுத ஃபைலில் கட்டம் இல்லை. திரும்பினால், பின்னால் ஒரிஜினல் நிற்கிறார்.

"இவன் சொல்ற நம்பர் பக்கத்துல எல்லாம் ஒரு கேள்விக்குறி போடுங்க சிஸ்டர்."

நாலாவது வாரம்

அன்று ஃபேன் காற்று பட்டாலே கன்னத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் இன்னொரு கம்பி. டாக்டர் நம்பர் கேட்டார். எந்த நம்பர் சொன்னாலும் கேள்விக்குறிதானே என்று உட்கார்ந்திருந்தேன். அமைதியாக இருக்கிறானே, குறைந்துவிட்டது போல என்று அவரே முடிவுகட்டி, பேனாவைத் திறந்தார். அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த கரையான்சாவடி எலிசபெத் அக்கா, டாக்டரையும் நைனா என்று கூப்பிடும் ஒரே ஆள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"இன்னா நைனா எழுதிகினு கீற? மூணு வாரமா உன் குரலு, என் குரலு, லிஃப்ட்டு குரலுகூட எடுத்தான். இன்னிக்கு ஒண்ணுமே எடுக்கல பாரு. பத்துன்னு எழுது."

டாக்டர் என் முகத்தை முதல்முறையாக ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்துவிட்டு, பத்து என்று எழுதி, பழைய பக்கங்களின் கேள்விக்குறிகளையும் ஒவ்வொன்றாக அடித்து நீக்கினார். சராசரி ஏழைத் தாண்டிவிட்டது. ஆக, வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக கன்னத்தில் கம்பி பரிசு வாங்கப்போகும் மிமிக்ரி கலைஞன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தன்தான்.