தரகரை உட்காரவைத்துத் தள்ளியவள்

தையல்காரியின் கணவருக்குக் கால்கள் செயலிழந்து ஆறு வருடம். பழக்கமில்லாத ஊருக்கு வீடு வாங்க வந்தவள், அவருடைய சக்கர நாற்காலியையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"மூணு இடம் இருக்கு, மூணுமே தங்கமான ஏரியாக்கா" என்றார் வீட்டுத் தரகர்.

"அப்ப இதுல உட்காருங்க தம்பி. ஒவ்வொண்ணுலயும் மருந்துக்கடை வரைக்கும் போய்ப் பார்ப்போம்."

தரகர் நெளிந்தபடி உட்கார்ந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் சட்டை செய்யவில்லை. முதல் பகுதியில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, தரகர் குப்புற விழப்பார்த்தார். இரண்டாவதில் நடைபாதை முழுக்க வண்டிகள். சாலையில் குலுங்கியே போனார்கள்.

"முடியலக்கா, இடுப்பு விட்டுப்போச்சு."

"ஒரு மணி நேரத்துக்கே இப்படியா? அவரு காலம் பூரா உட்காரணுமே!"

மூன்றாவது பகுதியில் மருந்துக்கடை வாசல்வரை தள்ளி நிறுத்தினாள். எட்டிப் பார்த்தால், தரகர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுந்திருங்க தம்பி" என்று தோளைத் தட்டினாள். "இந்தத் தெருவுலயே வீடு பாருங்க."